பதினோரு கையெழுத்து

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? மிஷினுக்கு அடியில கழிவுப்பஞ்சு குமிஞ்சு கெடக்கு. நீ பாட்டுக்கு வந்து சோத்துல கைய வைக்கிற!"

சூப்பர்வைசர் சகாயராணி போட்ட சத்தத்தில் அந்தத் திண்டுக்கல் நூல் மில்லின் சாப்பாட்டுக் கூடமே கப்சிப் ஆனது. திட்டு வாங்கிய முத்துப்பேச்சி, வேலைக்குச் சேர்ந்து எட்டே நாளான பெண். பிசைந்த சோற்றிலேயே கண்ணீர் சொட்டியது.

பார்த்துக்கொண்டிருந்த எச்.ஆர். மேனேஜர் கீர்த்தனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருக்காதா பின்னே? முந்தாநாள்தான் சூப்பர்வைசர்களை எல்லாம் உட்காரவைத்துத் தொண்டை வறள வகுப்பு எடுத்திருந்தாள். 'பாராட்டுறதை நாலு பேர் முன்னால செய்யுங்க, திட்டுறதைத் தனியாக் கூப்பிட்டுச் செய்யுங்க.' முதல் வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டிய மகராசிதான் இந்தச் சகாயராணி.

"சாப்பிட்டு என் ரூமுக்கு வாங்க" என்றாள் கீர்த்தனா.

சகாயராணி வருவதற்கு முன்பே கீர்த்தனாவின் அறைக்கு ஒரு கூட்டம் வந்து நின்றது. அதே ஷிப்ட்டுப் பெண்கள் பதினோரு பேர். நடுவில் முத்துப்பேச்சி.

அவர்களில் மூத்தவளான பொன்னழகு ஒரு தாளை நீட்டினாள். "மேடம், அந்தப் பஞ்சு போன ஷிப்ட்டுக்காரங்க அள்ளாமப் போட்டுட்டுப் போனது. இந்தப் புள்ள என்ன பண்ணுவா? ராணியம்மா மேல நடவடிக்கை எடுங்க. பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம்."

"அழுவாதடி. நாங்க இருக்கோம்ல?" என்று ஒருத்தி முத்துப்பேச்சியின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

அவர்கள் போனதும் கீர்த்தனா மெமோவை எழுதி முடித்தாள். இது போனால் சகாயராணிக்கு வரவேண்டிய பதவி உயர்வு அம்பேல். போகட்டும், வாய்க்கொழுப்புக்கு வேண்டியதுதான்.

சகாயராணி வந்தாள்.

"அது போன ஷிப்ட்டுப் பஞ்சுன்னு உங்களுக்குத் தெரியாதாக்கா?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சேவா திட்டுனீங்க?"

"இவளுக கூட்டாளி பாஸிலா கல்யாணமாகி வேலைய விட்டுப் போனதுல இருந்து, அவ மிஷினுக்கு வர்ற புள்ளைய இவளுக சேத்துக்கிறதே இல்ல மேடம். ஒருத்தியும் மொகங்குடுத்துப் பேச மாட்டா. ரெண்டு புள்ளைக தாங்க மாட்டாம வேலைய விட்டுப் போயிருச்சுக. இவளும் நாளைக்குச் சிறுமலை பஸ் ஏறுறேன்னு பையக் கட்டிட்டா. இவ சம்பளத்தை நம்பித்தான் வீட்டுல ஒல கொதிக்குது."

"எல்லாரையும் கூப்பிட்டு எடுத்துச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே! எனக்காக ரெண்டு வார்த்தை பேசுனாளுக. நான் அங்கிட்டுப் போனதும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாளுக. அதான் அவ செய்யாத தப்பாத் தேடிப் புடிச்சேன். செஞ்ச தப்புக்குத் திட்டியிருந்தா, அவளுகளும் சேந்துல்ல சிரிச்சிருப்பாளுக?" என்றாள் சகாயராணி. "புள்ள கண்ணு கலங்குனப்ப என் ஈரக்கொலையே ஆடிப்போச்சு மேடம்."

கீர்த்தனா எழுந்து ஜன்னல் வழியே சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்தாள். எட்டு நாளாக மூலையில் தனியாகச் சாப்பிட்ட பெண்ணைச் சுற்றி அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு வெஞ்சனத்தை அவள் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்கள். முத்துப்பேச்சி சிரித்தாள்.

கீர்த்தனா படித்த படிப்பில், எடுத்த வகுப்புகளில், எந்தப் பக்கத்திலும் இது இல்லை. மேஜைக்குத் திரும்பி வந்து மெமோவைக் கிழிக்கப் போனாள்.

சகாயராணி சட்டென்று அவள் கையைப் பிடித்தாள்.

"கிழிச்சிராதீங்க மேடம்!"

"அக்கா, உங்க ப்ரமோஷன் போயிரும்!"

"போனாப் போகுது. இன்னும் நாலு வரி சூடாச் சேத்து நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க. என்னையத் திட்டிக்கிட்டாவது அவளுக ஒண்ணா உக்காந்து சாப்பிடட்டும்."