ஈரச் சிமெண்ட்

டாய்லெட் ஆடுகிறது, சரிபண்ணுங்கள் என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அதிலிருந்தே சரிந்து விழுந்து செத்துப்போனாள் வெள்ளைத்தாயின் மாமியார் கோமதியம்மாள். காரியமெல்லாம் முடிந்த பிறகுதான், கோவில்பட்டியிலிருந்து கொத்தனாரைக் கூட்டிவர மகன் சங்கரபாண்டிக்கு நேரம் கிடைத்தது.

"சிமெண்டு இறுகுறவரைக்கும் பக்கத்து வீட்டுல போய்க்கிடுங்க" என்றார் கொத்தனார். டாய்லெட் கதவைப் பூட்டினார்கள்.

காலையில் ஈரச் சிமெண்ட் இடப்பக்கமாக நசுங்கியிருந்தது. மாமியார் அப்படிச் சாய்ந்துதான் உட்காருவாள்.

"ஒரு நா பொறுக்க முடியலையாக்கும்?" என்று சிரித்துக்கொண்டே கொத்தனார் மறுபடி பூசினார்.

அவர் போனதும் வெள்ளைத்தாய் கதவைப் பார்த்துக் கும்பிட்டாள். "அத்தே, மூட்டுவலியோட அலையவிடுதேன், கோவிச்சுக்கிடாதீங்க. இன்னைக்கு மட்டும் பக்கத்துல பானு வீட்டுக்குப் போங்க."

மறுநாள் சிமெண்ட் கல்லாய் இறுகியிருந்தது. புருஷனும் அவளும் நிம்மதியாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது பானு வந்தாள்.

"மைனி, எங்க கக்கூஸுக்குள்ள உங்க வீட்டு ஆளு யாரு? எம்புட்டு தட்டியும் தொறக்க மாட்டேங்காவ."