மாதா விளக்கு

படகில் புதிய சுவிட்ச் பலகையை மாட்டி வயர் இழுத்துக்கொண்டிருந்த ஜெரோபின் தலையிலடித்துக்கொண்டான். “அண்ணே, அடியில கசியிற தண்ணிய இறைக்கிற பம்புக்குத்தான் பேட்டரியிலயிருந்து நேரா லைன் குடுக்கணும். மெயின ஆஃப் பண்ணுனாலும் அது ஓடணும்.”

படகுக்காரர் வியாகப்பன் கேட்கவில்லை. “பம்பு ஓடி பேட்டரி இறங்கிட்டா மாதா விளக்கு அணைஞ்சிரும்லா? நேர் லைன மாதாவுக்குக் குடு. பம்ப சுவிட்சுல போடு.”

கொடுத்துத் தொலைத்தான். வியாகப்பன் மெயினை அணைத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போனார்.

ஐந்தாம் நாள் துறைமுகத்தில் ஒரே கூட்டம். படகு மேல்தட்டு வரை முங்கிக் கிடந்தது. தண்ணீருக்கு மேலே தெரிந்த கேபினுக்குள் மாதா படத்தடியில் நீல விளக்கு மட்டும் எரிந்தது. “அற்புதம்! மாதா செஞ்ச புதுமை!” என்று பெண்கள் முழங்காலிட்டார்கள்.

“புதுமையாவது மண்ணாங்கட்டியாவது! பேட்டரி மேல இருக்கு, எரியுது! அது நான் இழுத்த வயரு!” என்று ஜெரோபின் கத்தினான். ஒருவரும் திரும்பவில்லை. கட்டிங் பிளேயரோடு தண்ணீரில் குதித்து நீந்திப் போய், கேபினுக்குள் ஏறி வயரைப் பிடித்தான்.

கரையில், மகள் வீட்டிலிருந்து ஓடிவந்திருந்த வியாகப்பன் அவனைப் பார்த்துக் கைகூப்பி நின்றார்.

“படகுதான் போச்சு. அதையாவது விட்டுருல.”

பிளேயர் வயரைக் கவ்வியபடியே இருந்தது.