துண்டுக்கு அடியில்

சமாதானத்தின் அன்றைய விலை பத்துப் போர்க்கப்பல். இரண்டு தரப்பாரும் அதே விலையைத்தான் சொன்னார்கள். சேர்ந்து நின்று ஒரு போரை ஜெயித்த இரண்டு வல்லரசுகள், ஒரே துறைமுகத்தில் ஆளுக்குப் பத்துக் கப்பலை நிறுத்திக்கொண்டு, முதலில் நீ எடு என்று ஓராண்டாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கடிதமும் மறுநாளே பத்திரிகையில் வந்துவிடுவதால் இறங்கி வர இருவருக்கும் வெட்கம். அவற்றை மொழிபெயர்த்துச் சலித்த காளியண்ணனுக்கு வேறு கவலை: அந்தத் துறைமுகத்தில்தான் அவன் தம்பி குடும்பத்தோடு இருந்தான்.

அன்று கடைசிச் சந்திப்பு. கண்ணாடிச் சுவருக்கு வெளியே நிருபர் கூட்டம். பேச்சு முறிந்து இரு தூதர்களும் எழுந்துவிட்டார்கள்.

"உக்காருங்கய்யா," என்றான் காளியண்ணன். மாட்டுத் தரகர் மகன், கோட்டுக்கு மேலும் துண்டு போடுகிறவன். "நாலு பேர் பாக்கையில எங்க சந்தையிலயும் எவனும் விலையக் குறைக்க மாட்டான். அதுக்குத்தான் இது." துண்டை எடுத்து இருவர் வலக்கையையும் சேர்த்து மூடினான். "விரலுக்கு ஒரு கப்பல். எத்தனை எடுப்பீங்களோ அத்தனை விரலப் புடிங்க."

"இதென்ன, கல்யாணமா?" என்றார் மூத்த தூதர்.

"மாட்டு யாவாரமுங்க. கல்யாணத்த விட இதுல ஏமாத்து கம்மி."

வெளியே படம் எடுத்தார்கள். இரண்டு முகமும் பாறை மாதிரி இருந்தன. துண்டு மட்டும் நெளிந்தது, நின்றது, மறுபடி வெகுநேரம் நெளிந்தது.

"ஆளுக்கு மூணு," என்று மூத்தவர் முணுமுணுத்தார். மற்றவர் மறுக்கவில்லை.

காளியண்ணன் குறிப்பேட்டைத் திறந்து எழுதினான்: வந்தது இருபது, போவது ஆறு, பாக்கி பதினான்கு.