கிழிசல்

அரபு நாட்டுப் பாலைவனத்துத் தோட்டத்தில் ஒட்டகம் மேய்க்கும் மூக்கையாவும் வேலுச்சாமியும் பரமக்குடிப் பக்கத்துக்காரர்கள். மார்கழியிலும் சட்டையில்லாமல் தூங்கிப் பழகியவர்கள். அவர்களுடைய தகர அறைக்குப் பின்னால் இருந்த கூட்டில் பெட்டைக்கோழி பதினொரு குஞ்சு பொரித்திருந்தது. ஒட்டகத் தொட்டியில் தண்ணீர் உறைந்த அன்று சாயங்காலம், மூக்கையா ஒரு சட்டி நிறையக் கரிக்கங்கை எடுத்து, புகை அடங்கியபின் கூட்டுக்குள் வைத்தார். நாலு பக்கமும் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்.

விடிந்து அவிழ்த்தபோது கோழி இறக்கையை விரித்தபடி செத்துக் கிடந்தது. அடியில் பத்துக் குஞ்சுகள். கோழியின் கொண்டை முன்னைவிடச் சிவந்திருந்தது. உடம்பில் சூடுகூட ஆறவில்லை. பதினோராவது குஞ்சு மட்டும் தார்ப்பாயின் கிழிசல் வழியே வெளியே வந்து, பனி பூத்த மணலில் நடுங்கிக்கொண்டு நின்றது.

"இந்தக் கிழிசல் வழியாத்தான்டா குளிரு உள்ள போயிருக்கு. பாக்காம விட்டுட்டேன்," என்றார் மூக்கையா.

"வெளிய நின்ன இது மட்டும் எப்படிண்ணே பொழச்சுச்சு?"

"அது கெட்டி உசுரு."

பொழுது சாய்ந்ததும் குஞ்சை அறைக்குள் கொண்டுவந்தார்கள். மூக்கையா கட்டில்களுக்கு நடுவே சட்டியை வைத்து, நேற்றைவிட இரண்டு மடங்கு கங்கை அள்ளிப் போட்டார். சன்னல் இடுக்கில் காகிதம் அடைத்தார். கதவடியில் பழைய கைலியைத் திணித்தார். இந்த முறை ஓர் ஓட்டைகூட விடவில்லை.

குஞ்சு கதவருகே போய்க் கைலியைக் கொத்தி இழுத்தது. வேலுச்சாமி அதைத் தூக்கிவந்து கங்குக்குப் பக்கத்தில் விட்டான்.

"இங்கன கெட. கதகதன்னு இருக்குல்ல?"

அவன் போர்வைக்குள் புகுந்ததும் அது மறுபடியும் கதவுக்கே போனது.