பட்டாணி வேரில் குடிவந்தவன்

பட்டாணிச் செடியின் இலைகள் தழைச்சத்து இல்லாமல் மஞ்சளாகிக்கொண்டே வந்தன. பூக்கும் முன்பே செடி செத்துவிடுமோ என்று பயந்த வேர், ஈரமண்ணில் மிதந்துபோன ஒரு பாக்டீரியாவைக் கூப்பிட்டது.

"காத்துல இருக்கிற தழைச்சத்தைப் பிடிச்சுத் தருவியாமே. இங்கயே தங்கேன்."

"சும்மாவா? தினமும் எனக்குச் சர்க்கரை வேணும்."

"தரேன்."

"தனி அறை வேணும். பிராணவாயு என் மேல அதிகம் பட்டா என் வேலை கெட்டுப்போகும்."

"இளஞ்சிவப்புல திரை போட்டுத் தடுக்கறேன்."

பாக்டீரியா முறைத்தது. "கேட்டதுக்கெல்லாம் தலையாட்டறியே, என்னை ஏமாத்தப் பாக்கறியா?"

"செடி சாகக் கிடக்குதுப்பா. பேரம் பேச எனக்கு ஏது நேரம்?"

வேரின் மெல்லிய மயிர் ஒன்று சுருண்டு, பாக்டீரியாவை அணைத்து உள்ளே அனுப்பியது. அங்கே ஒரு சின்ன முடிச்சு திரண்டது. அந்த இளஞ்சிவப்புக் கதகதப்பில் பாக்டீரியா தின்றது, உழைத்தது, கனவு கண்டது, பருத்தது. இலைகளில் பச்சை ஏறியது.

ஒருநாள் மழை பெய்தது. "தண்ணியோட அடுத்த வயலுக்குப் போறோம், வர்றியா?" என்று வெளியே கூடப்பிறந்தவை கூப்பிட்டன. பாக்டீரியா ஆசையோடு கிளம்பியது. ஊதிப்போன உடம்பு வந்த வழியில் நுழையவில்லை.

"நான் எப்படி வெளிய போறது?" என்று வேரிடம் சீறியது.

"அதை நீ கேக்கவே இல்லையே," என்றது வேர் மெதுவாக. "எனக்கும் தோணலை."

மழைச் சத்தம் ஓய்ந்தது. மேலிருந்து ஒரு சிலிர்ப்பு தண்டு வழியாக இறங்கி வந்தது.

"என்னது அது?"

"முதல் பூ விரியுது."

பாக்டீரியா வழியை முட்டுவதை விட்டு, முடிச்சுக்குள் திரும்பிச் சாய்ந்தது. பிறகு, "என்ன நிறம்?" என்று கேட்டது.

"தெரியாதுப்பா. நானும் மேல போனதே இல்லை."