சோப்புக் கோடுகள்

"துடைக்கத் தெரியலைன்னா வேற ஆளைப் போடுங்க" என்றார் ஆர்க்கிடெக்ட், சூப்பர்வைசரிடம். கண்ணாடி துடைக்கிற அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

இன்னும் ஒரு மணி நேரத்தில் பரிசுக் குழு வரப்போகிறது. பறவையின் சிறகைப் பார்த்து அவர் வடிவமைத்த நூலகம் அது. சிறகு மாதிரி வளைந்த கூரையே காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஏ.சி. கிடையாது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி என்பதால் பகலில் விளக்கும் வேண்டாம்.

அந்தக் கண்ணாடியில்தான் மேலிருந்து கீழ்வரை வெள்ளை வெள்ளையாகச் சோப்புக் கோடுகள்.

மூன்று மாதமாக இதே கதை. சொன்னால் தலையாட்டுவாள். அடுத்த தடவை வந்து பார்த்தால் கோடுகள் அப்படியே இருக்கும்.

"இன்னிக்கு மட்டும் இப்படியே விட்டுடலாமே சார்" என்று அவள் மெதுவாகச் சொன்னாள்.

எவ்வளவு திமிர் என்று நினைத்தார். அவள் கையிலிருந்த துணியை வாங்கி, ஏணி போட்டு ஏறித் தானே துடைத்தார். இறங்கிப் பார்த்தபோது கண்ணாடி இருக்கிறதா என்றே தெரியவில்லை. எதிரே இருந்த மரமும் வானமும்தான் தெரிந்தன.

குழுவினர் வந்தார்கள். உள்ளே கூரையைக் காட்டி அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது வெளியே 'தொப்'பென்று ஒரு சத்தம். கண்ணாடியைப் பார்த்து நின்ற அவர் கண்ணில் மட்டும்தான் பட்டது. ஒரு சின்னப் பச்சைப் பறவை மோதி, படியில் விழுந்து கிடந்தது.

"என்ன சத்தம்?" என்று குழுத் தலைவர் திரும்பினார்.

அதற்குள் அந்த அம்மா பறவையைத் துணியில் சுருட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"வாளி கை தவறிடுச்சுங்க. மன்னிச்சுக்கோங்க."

பார்த்து வேலை செய்யக் கூடாதா என்று தலைவர் கடிந்துகொண்டார். ஆர்க்கிடெக்ட் மறுபடியும் கூரையைக் காட்டி விளக்க ஆரம்பித்தார்.

பாராட்டிவிட்டு அவர்கள் கிளம்பியதும் கட்டடத்தின் பின்பக்கம் போனார். மரத்தடியில் அவள் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் உடன் நின்றார். சுற்றிலும் சின்னச் சின்ன மண்மேடுகள். எண்ண ஆரம்பித்து, பதினேழோடு நிறுத்திக்கொண்டார்.

எல்லாமே கண்ணாடியில் மோதியதா என்று கேட்டார்.

"திறந்த புதுசுல விழுந்தது சார். அந்த அம்மா கோடு போட ஆரம்பிச்ச பிறகு ஒண்ணுகூட விழலை" என்ற சூப்பர்வைசர், கொஞ்சம் தயங்கி, "இன்னிக்குத்தான்" என்றார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நான் சொல்றேன்னுதான் சொன்னேன் சார். அவங்கதான் விடலை."

அவள் குழியை மூடிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள்.

"பறவையைப் பார்த்துக் கட்டினேன்னு வர்றவங்ககிட்ட எல்லாம் எவ்வளவு ஆசையாச் சொல்றீங்க. உங்ககிட்ட இதை எந்த வாயால சார் சொல்றது?"