நல்ல நெஞ்சின் சத்தம்

லவினாவின் கைக்கு ஸ்டெதாஸ்கோப் வந்து நான்கு நாள்தான் ஆகிறது. மருத்துவம் படிக்க ஆசைப்படும் ஏழை மாணவர்களுக்காகப் பங்காருபேட்டையில் நடக்கும் முகாமில் இன்று தேர்வு. தேறினால்தான் பெங்களூர் பயிற்சி.

உடன் படிக்கும் ரூபேஷின் முதுகில் வைத்துக் கேட்டவளின் முகம் மாறியது.

“மேடம், இவனுக்கு இன்னாமோ ஆயிருக்கு. வெறும் காத்துதான் கேக்குது. கரகரன்னு சத்தமே வரல.”

“அப்ப நான் போய்ச் சேந்துட்டேனா?” என்றான் ரூபேஷ். எல்லோரும் சிரித்தார்கள். பெங்களூர் போச்சு என்று லவினா தலைகுனிந்தாள்.

தேர்வு நடத்தும் டாக்டர் சுனிதா மட்டும் சிரிக்கவில்லை. “நல்ல நெஞ்சு அப்படித்தாம்மா இருக்கும். வீட்ல யார்கிட்ட கேட்டுப் பழகுன?”

“எங்க ஸ்கெலட்டன் லைன் வீடுங்கள்ல பத்து பேர்கிட்ட மேடம். பத்து பேருக்கும் மாவு சலிக்கிற மாதிரி கேட்டுச்சு. அதான் சரின்னு நெனச்சிட்டேன்.”

“வித்தியாசத்தைச் சரியாத்தான் புடிச்சிருக்க. பெங்களூருக்கு நீ வர்ற. ஆனா பத்துல ஒருத்தர்கூடவா நல்லா இல்ல?”

“வயசுப் பசங்கல்லாம் காலையிலயே வேலைக்கு ரயில் ஏறிடுவாங்க மேடம். பகல்ல வீட்ல இருக்கறது எங்கப்பா மாதிரி ஆளுங்கதான்.” அவள் குரல் தாழ்ந்தது. “பத்து பேரும் கோல்டு மைன்ஸ்ல பாறை ஒடச்சு, அந்தத் தூசியையே மூச்சா இழுத்தவங்க.”